பலேர்மோவுக்குப் புதிதாக வருகிறீர்களா? முதல் சில மாதங்களுக்கான வழிகாட்டி

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகரான பலேர்மோவில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று காகிதத்தில் இருப்பது, இன்னொன்று தெருவில் நடப்பது. வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், மருத்துவ அட்டை என்று வரும்போது காகிதம் சொல்வதில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. கடை திறக்கும் நேரம், பஸ் வரும் நேரம், வரிசையில் நிற்கும் முறை என்று வரும்போது தெரு சொல்வதுதான் சரி. புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காகித வேலையை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள், பஸ் பத்து நிமிடம் பிந்தினால் கொதிக்கிறார்கள். படிப்புக்கோ வேலைக்கோ, குடும்பத்தோடு சேரவோ வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. வந்திறங்கும் நாள்

விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி, கடலோரத்தில் புந்தா ராய்சி என்ற இடத்தில் இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. டாக்சி பிடித்தால் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். சாலை வழியாக வந்தால் கபாச்சி அருகே நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உயரமான தூண்கள் தெரியும். மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள் ஆகியோர் 1992 மே 23 அன்று குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட இடம் அது. இரண்டு மாதம் கழித்துக் கொல்லப்பட்ட சக நீதிபதி பவோலோ பொர்செல்லினோவின் பெயரையும் சேர்த்துத்தான் விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். மாஃபியாவைப் பற்றிச் சினிமா பாணியில் ஜோக் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். இங்கே பல குடும்பங்களுக்கு அது சொந்தக் கதை.

2. காகித வேலை: முதல் எட்டு வேலை நாட்கள்

நீண்டகால விசாவில் வந்தவர்கள் நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கான நடைமுறையைத் தொடங்கியாக வேண்டும். 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்பது அதன் பெயர். எங்கே போவது என்பது விசாவைப் பொறுத்தது. மாணவர்கள் 'ஸ்போர்தெல்லோ அமீக்கோ' பலகை உள்ள தபால் நிலையத்தில் விண்ணப்ப உறையை இலவசமாக வாங்கி, நிரப்பி, அங்கேயே கொடுக்கலாம். வேலை விசாவிலும் குடும்ப இணைப்பு விசாவிலும் வந்தவர்கள் முதலில் பிரெஃபெத்தூரா என்ற மத்திய அரசின் உள்ளூர் நிர்வாகத் தலைமையகத்தின் 'ஸ்போர்தெல்லோ ஊனிக்கோ' அலுவலகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தில் ஒட்ட 16 யூரோ முத்திரைவில்லை ஒன்று வேண்டும். தபாக்கி எனப்படும் புகையிலைக் கடையில் 'மார்க்கா த பொல்லோ' என்று கேட்டால் தருவார்கள். மற்ற கட்டணங்கள் அனுமதிக் காலத்தைப் பொறுத்து மாறும்.

தபால் நிலையத்தில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த ரசீதுதான் உங்கள் அடையாளம். கைரேகை கொடுக்க குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லையா? ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வரும் ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். தொழிற்சங்கங்களோடு இணைந்த 'பத்ரொனாத்தோ' அலுவலகங்கள் இந்த வேலையைச் செய்து தரும். எந்த பத்ரொனாத்தோவில் பொறுமையாகப் பேசுவார்கள் என்பதை இங்கே நீண்ட காலம் இருக்கும் ஏதாவதொரு தமிழ்க் குடும்பத்திடம் கேளுங்கள். இலங்கைப் போரின் காரணமாக 1980களிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழியெல்லாம் அத்துப்படி.

அடுத்தது 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற வரி எண். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகை, வேலை என்று எதற்கும் இது வேண்டும். வரித்துறை அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட இந்தக் குறியீட்டை வாங்கியவுடன் அங்கேயே நின்று சரிபாருங்கள். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று உங்கள் பெயரிலிருந்து. பிறகு பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள், ஆகவே 12ஆம் தேதி பிறந்த பெண்ணுக்கு 52 என்று வரும், பயப்பட வேண்டாம். பிறகு பிறந்த நாட்டின் குறியீடு: இந்தியாவுக்கு Z222, இலங்கைக்கு Z209. கடைசியில் சரிபார்ப்புக்காக ஓர் எழுத்து.

நம்மவர்களுக்குச் சிக்கல் முதல் ஆறு எழுத்தில்தான் வரும். தந்தை பெயர் எது, தன் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கடவுச்சீட்டிலேயே குழம்பியிருக்கும். எது எப்படியிருந்தாலும் கடவுச்சீட்டில் உள்ள வரிசையையே எல்லாக் காகிதத்திலும் எழுதுங்கள். ஓர் அலுவலகத்தில் ஒரு மாதிரி, இன்னோர் அலுவலகத்தில் வேறு மாதிரி எழுதினால் இத்தாலியக் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். பிறகு அந்த இருவரையும் ஒருவராக்க அலைவது உங்கள் பாடு.

3. வீடு பார்க்கும்போது

வாடகை ஒப்பந்தம் வரித்துறையில் பதிவானதாக இருக்க வேண்டும். "ஒப்பந்தம் வேண்டாம், வாடகையில் ஐம்பது யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் குடியிருப்புப் பதிவு செய்வது பெரும்பாடு. பதிவு இல்லாமல் குடும்ப மருத்துவர் முதல் அடையாள அட்டை வரை எல்லாம் இழுபறிதான். முன்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தக் காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

நகராட்சியில் குடியிருப்புப் பதிவுக்கு விண்ணப்பித்த பிறகு, நீங்கள் உண்மையிலேயே அங்கே வசிக்கிறீர்களா என்று பார்க்க நகரக் காவலர் வீட்டுக்கு வருவார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரமாட்டார். கீழே வாசல் மணிப்பலகையில் உங்கள் பெயர் இல்லையென்றால் வந்த வழியே போய்விடுவார், விண்ணப்பமும் தள்ளுபடியாகலாம். ஆகவே வீட்டுச் சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி மணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர். பலேர்மோவில் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய கதை. 2024 வறட்சியில் மறுபடியும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மொட்டைமாடியில் தொட்டியும் அதை வீட்டுக்குத் தள்ளும் மோட்டாரும் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரை இங்கே 'அவுத்தோகிளாவே' என்பார்கள். தொட்டி பொதுவா, உங்களுக்கு மட்டுமா என்பதையும் கேளுங்கள். அரபுக் காலத்து முறையில் வெட்டிய 'கனாத்' என்னும் நிலத்தடி நீர்க்கால்வாய்கள் இந்த ஊருக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. சிலவற்றுக்குள் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம், முழங்கால் தண்ணீரில் நடக்கத் தயாராகப் போங்கள்.

இரண்டாவது மின்சாரம். வீடுகளுக்குப் பொதுவாக 3 கிலோவாட் இணைப்புதான். சலவை இயந்திரமும் மின்சார அடுப்பும் ஒன்றாக ஓடும்போது ஏசியைப் போட்டால் வீடே இருண்டுவிடும். பல பழைய கட்டடங்களில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். நான்கு மாடி இறங்கிச் சுவிட்சைத் தூக்கிவிட்டு ஏறி வர வேண்டும். பழைய வீடுகளில் குளிர்காலம் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிரும், தரையெல்லாம் கல், வெப்பமூட்டி இருக்காது. கோடையில் சஹாராவிலிருந்து சிரோக்கோ காற்று அடிக்கும் நாட்களில் சன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கும். பகலில் மரக்கதவுகளை அடைத்து வைத்து இரவில் திறப்பதுதான் ஊர் வழக்கம். அந்தக் காலத்துப் பிரபுக்கள் இந்தக் காற்றுக்குத் தப்பிக்கவென்றே நிலத்தடியில் குளிர்ந்த அறைகள் வெட்டி வைத்திருந்தார்கள்.

4. நேரமும் வரிசையும்

மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை சின்னக் கடைகள் மூடியிருக்கும். எழுதி வைத்த நேரத்தை நம்பாதீர்கள், பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான்.

தபால் நிலையத்திலும் அலுவலகங்களிலும் நுழைந்தவுடன் எண் சீட்டு எடுக்க வேண்டும். மருத்துவர் வீட்டு வாசலிலோ ரொட்டிக் கடையிலோ சீட்டு இருக்காது. உள்ளே போனதும் பொதுவாக எல்லோரையும் பார்த்து "கி யே லூல்த்திமோ?" என்று கேளுங்கள், யார் கடைசி என்று பொருள். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், வெளியே போய்க் காபிகூடக் குடித்துவிட்டு வரலாம். வரிசை எல்லோருடைய நினைவிலும் இருக்கும். கேட்காமல் போய் ஓரமாக நின்றவர்களுக்குத்தான் முறையே வராது.

காபிக் கடையை 'பார்' என்பார்கள், மது விற்கும் இடம் என்று ஒதுங்க வேண்டாம். கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து, ரசீதை மேடையில் வைத்துக் காபி கேட்க வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பெரும்பாலும் கூடுதல் விலை. கூடவே தரும் சின்னக் குவளைத் தண்ணீர் காபிக்கு முன் குடிப்பதற்கு.

தலையாட்டும்போது கொஞ்சம் கவனம். நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னால் இவர்களுக்கு "எனக்கென்ன தெரியும்" என்றுதான் படும். அதேபோல் இவர்கள் தாடையை லேசாக மேலே தூக்கி நாக்கால் 'ச்' கொட்டினால் அது "இல்லை". வார்த்தை எதுவும் வராது. பதிலுக்காகக் காத்து நிற்காதீர்கள், பதில் சொல்லியாயிற்று.

5. சந்தைக்குப் போதல்

ஊரின் பழைய சந்தைகளில் அன்றாடத் தேவைக்கு நான் சொல்வது பாலரோ. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். காப்போ சந்தையும் நல்லதுதான். வுச்சிரியா இப்போது பெரும்பாலும் இரவில் குடிக்கவும் தின்னவும் கூடும் இடமாகிவிட்டது. வுச்சிரியாவின் தரைக்கற்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால், நடக்கவே நடக்காத காரியத்தை "வுச்சிரியாவின் கல் காயும்போது" என்று சொல்வது இந்த ஊர்ப் பழமொழி. சந்தை சுருங்கிவிட்ட இந்நாளில் கற்கள் காய்ந்தேதான் கிடக்கின்றன.

பாலரோவில் சத்தத்தைக் கண்டு மிரள வேண்டாம். வியாபாரிகள் பாட்டுப்போல இழுத்துக் கூவுவது 'அப்பன்னியாத்தா' என்ற பழைய கலை. சண்டை இல்லை. மீன் கடையில் பகலிலேயே குண்டு பல்புகள் எரியும். வாள்மீனின் தலையை வெட்டி, வாள் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே பெரிய தட்டில் தோலோடு சுட்ட வெங்காயம், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த ஆர்ட்டிசோக். வேலை முடிந்து அலுத்து வருகிறவர்கள் இவற்றை வாங்கிப்போய் எண்ணெயும் உப்பும் போட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார்கள்.

பழத்தைத் தொட்டு அழுத்திப் பார்க்காதீர்கள், கடைக்காரரே எடுத்துத் தருவார். விலைப் பலகையில் கிலோவுக்கா, 'எத்தோ'வுக்கா என்று பாருங்கள். எத்தோ என்றால் 100 கிராம். ஆலிவ், பாலாடைக்கட்டிக் கடைகளில் மலிவாகத் தெரியும் விலை பெரும்பாலும் எத்தோ கணக்கு. மீனை வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லலாம். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். கொஞ்ச நாளில் ஒரு கொத்து பார்ஸ்லி சும்மா வந்து விழும், நல்லதை அடியிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

கோடையில் ஒரு கை நீளத்துக்கு மேல் வெளிர் பச்சையாகத் தொங்கும் காயை 'கூகுத்ஸா' என்பார்கள். வேறெதுவும் இல்லை, நம் சுரைக்காய்தான். அதன் கொழுந்து இலைகளும் கட்டுக்கட்டாக வரும், பெயர் 'தெனெரூமி'. ஊர்க்காரர்கள் தக்காளியும் உடைத்த பாஸ்தாவும் சேர்த்து, வெயில் கொளுத்தும் ஜூலையில் சூப்பாகக் குடிப்பார்கள். பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாலும் அருமையாக வரும். கறிவேப்பிலை, தேங்காய், அரிசிக்கு மக்வேடா தெருவையும் பாலரோவையும் ஒட்டிய வங்காளதேச, இலங்கைக் கடைகளைத் தேடுங்கள். இந்த மக்வேடா தெருவின் வங்காளதேசக் கடைக்காரர்கள்தான் மாமூல் கேட்ட கும்பலை எதிர்த்துப் புகார் கொடுத்தார்கள், 2016இல் பத்துப் பேர் கைதானார்கள். மாமூல் கொடுக்க மறுக்கும் கடைகளை ஒன்றுசேர்க்கும் 'அத்தியோபித்ஸோ' இயக்கம் 2004இல் இங்கே பிறந்தது. கடைக் கதவில் அதன் ஒட்டுவில்லை இருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள்.

6. தெருவில் சாப்பிடும்போது

சைவக்காரர்களுக்கு முதல் துணை 'பனெல்லே'. கடலைமாவைத் தண்ணீரில் காய்ச்சிக் களியாக்கி, பார்ஸ்லி தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, வெட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கில் செய்யும் 'குரோக்கே'யும் பக்கத்திலேயே இருக்கும். தக்காளி, வெங்காயம் போட்ட தடித்த ரொட்டியான 'ஸ்ஃபின்ச்சோனே' சைவம் மாதிரித் தெரியும், ஆனால் அதில் நெத்தலி மீன் கலந்திருக்கும். 'அரஞ்சீனா' என்ற சோற்று உருண்டையில் வெண்ணெய் வகை என்று சொல்வதிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். கேட்டுவிட்டுக் கடியுங்கள். தீவின் மறுகோடியில் உள்ள கத்தானியாக்காரர்கள் இதை 'அரஞ்சீனோ' என்பார்கள். பலேர்மோவில் அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் ஒரு பிரசங்கமும் சேர்த்துக் கிடைக்கும்.

அசைவக்காரர்கள், மாட்டிறைச்சி உண்பவராக இருந்தால், 'பானி கா மேவுசா'வைச் சாப்பிட்டுப் பாருங்கள். கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்துப் பன்றிக்கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்தது. பாலாடைக்கட்டி சேர்த்தால் 'கல்யாணமானது', சேர்க்காவிட்டால் 'பிரம்மச்சாரி' என்பார்கள். மாலையில் தெருமுனையில் புகை மண்டினால் அங்கே 'ஸ்டிக்யோலா' வாட்டுகிறார்கள் என்று பொருள், ஆட்டுக்குடலை வெங்காயத்தாளின் மேல் சுற்றிச் சுடுவது. எனக்கு வாசனை பிடிக்கும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது பிடிக்காது.

7. போக்குவரத்து

பஸ் சீட்டைத் தபாக்கியில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதியுங்கள். பதியாத சீட்டு சீட்டே இல்லை, அபராதம் உண்டு. 101 ரயில் நிலையத்திலிருந்து ஊரின் நீண்ட முதன்மைச் சாலைகள் வழியாகப் போகும், 806 மொந்தெல்லோ கடற்கரைக்கு. பழைய நகரம் நடந்தே கடக்கக்கூடிய அளவுதான். மக்வேடா தெருவும் விட்டோரியோ எம்மானுவேலே சாலையும் சந்திக்கும் 'குவாத்ரோ காந்தி' நாற்சந்தியை மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. கார் வைத்திருப்பவர்கள் நகர மையத்தில் வண்டி நுழையக் கட்டுப்பாடு உள்ள வலயத்தைக் கவனியுங்கள். கேமரா பார்த்துவிட்டால் அபராதக் கடிதம் வீடு தேடி வரும். காலி இடத்தைக் கை காட்டி, வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லிக் காசு கேட்கும் ஆள் பெரும்பாலும் யாராலும் நியமிக்கப்பட்டவர் இல்லை.

8. நாட்காட்டியில் குறித்து வைக்க

மார்ச் 18 மாலை: புனித யோசேப்பு விழாவுக்கு முந்தைய இரவு. பழைய பேட்டைகளில் பையன்கள் உடைந்த நாற்காலி, கதவு, மரப்பெட்டி எல்லாம் சேர்த்துத் தெருவில் தீ வைப்பார்கள். நம் போகியைப் பார்த்தவர்களுக்குப் புதுசில்லை. தீயணைப்பு வண்டியும் பையன்களும் ஆண்டுதோறும் மல்லுக்கு நிற்பார்கள். ஸ்கூட்டரைத் தெருமுனையில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

ஆகஸ்ட் 15: ஊரே கடற்கரையில். அதை ஒட்டிய நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும். மருந்து வாங்க வேண்டுமானால் முன்னாலேயே வாங்குங்கள், அல்லது முறை வைத்துத் திறந்திருக்கும் கடைகளின் பட்டியலை மருந்துக்கடைக் கதவில் பாருங்கள்.

நவம்பர் 2: இறந்தோர் நாள். குழந்தைகளுக்குப் பரிசு தருவது குடும்பத்தில் இறந்துபோன பெரியவர்கள் என்பது இங்குள்ள வழக்கம். வாதுமை மாவில் நிஜப் பழம்போலவே செய்த இனிப்பும் வண்ணச் சர்க்கரைப் பொம்மைகளும் கடைகளில் நிறைந்திருக்கும். குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மறுநாள் கதையில் அவர்களும் சேர்ந்துகொள்ளட்டும்.

டிசம்பர் 13: புனித லூசியா நாள். பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்தபோது, மாவரைக்கக் காத்திராமல் அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அதன் நினைவாக, அன்று ரொட்டியும் பாஸ்தாவும் கிடையாது. ஊரே அரஞ்சீனா தின்னும், முழுக்கோதுமையை வேகவைத்துச் செய்யும் 'குச்சீயா'வும் உண்டு. மதியத்துக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.

9. ரோசலியா மலை

எல்லாவற்றையும் விடப் பெரியது, ஊரின் காவல் புனிதையான சாந்தா ரோசலியாவின் விழா. 1624இல் ஊரைக் கொள்ளைநோய் வாட்டியபோது பெல்லெக்ரீனோ மலையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாக எடுத்துவந்தபின் நோய் நீங்கியது என்றும் நம்பிக்கை. ஜூலை 14 இரவு பெரிய தேர் பழைய நகரத்தின் வழியாகக் கடற்கரைக்குப் போகும். குவாத்ரோ காந்தியில் மேயர் தேர்மேல் ஏறிப் பூ வைத்து "விவா பலேர்மோ எ சாந்தா ரோசலியா!" என்று கத்துவார், கூட்டமும் கத்தும். பிறகு வாணவேடிக்கை. குழந்தைகளோடு போவதானால் தேருக்குப் பக்கத்தில் நெருக்காமல் கடற்கரைப் பக்கமாக முன்பே இடம் பிடியுங்கள். அன்று பூண்டு போட்ட குட்டி நத்தைகளைத் தட்டு நிறைய வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். முயன்று பார்ப்பது உங்கள் விருப்பம்.

மலைக் கோயிலில் நம்மவர்களைக் காணலாம். கத்தோலிக்கத் தமிழர் மட்டுமல்ல, இந்துத் தமிழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்த்திக்கடன் வைத்து ஏறுகிறார்கள். கோயில் ஒரு குகை. பாறையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தலைக்கு மேல் உலோகக் கால்வாய்கள் கோணல்மாணலாக ஓடும். அந்த நீர் புனிதமானது என்பது நம்பிக்கை. கண்ணாடிக்குள் சாய்ந்து கிடக்கும் ரோசலியாவின் முன்னால் சேலை கட்டிய பாட்டியும் சிசிலியப் பாட்டியும் அருகருகே முழந்தாளிட்டிருப்பதை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

நடந்து ஏற வேண்டுமானால் மலையடிவாரத்தில் ஜெனராலே காஷினோ சதுக்கத்திலிருந்து கல் பாவிய பழைய பாதை தொடங்கும். கோயில் சுமார் 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுமார் நான்கு கி.மீ. நடை. கல் வழுவழுப்பாக இருக்கும், அதனால் செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுங்கள், நிழல் தொடர்ச்சியாக இல்லை. உள்ளே போக தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். செப்டம்பர் 3 இரவு விழா ஏற்றம். வெறுங்காலோடும், சிலர் முழங்காலிலும் ஏறுவார்கள். முடியாதவர்களுக்கு மற்ற நாட்களில் 812 பஸ் மேலே வரை போகும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.